சுண்ணாம்புக் குழிக்குள் ஒரு சீமை

சீமைக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். விமானம் ஏறவில்லை. பாஸ்போர்ட்டும் கிடையாது. பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூரில் இறங்கி, அங்கிருந்து ஒரு வேனில் உட்கார்ந்து மண்ணுக்குள் போனால் சீமை வந்துவிட்டது. காலையில் போய், சாயங்காலம் திரும்பி, வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுத்து, மறுநாள் மறுபடியும் சீமைக்குப் போனேன். ஐந்து நாள் அப்படி ஓடியது.

அது என்ன ஊர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் பார்க்கிற தொடர் ஒன்றுக்காகக் கட்டிய ஊர் அது. கதை இதுதான். இங்கிலாந்தில் ராணி ஆண்ட காலம். ஒரு பெரிய நகரம், மணிக்கூண்டு, கடைத்தெரு, சந்துபொந்து எல்லாவற்றோடும் ஒரே ராத்திரியில் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. இடிந்து விழவில்லை, தட்டில் வைத்த சாமானை அலுங்காமல் கீழே இறக்கியதுபோல முழுசாக இறங்குகிறது. கீழே வேறொரு உலகம். சூரியன் இல்லை. வானம் இருக்க வேண்டிய இடத்தில் பாறை. பாறையிலிருந்து தாம்புக்கயிறு போல மரவேர்கள் தொங்குகின்றன. இருட்டில் மிரண்டு குதிரைகள் செத்துப்போனதால், யானைக்குட்டி அளவு நத்தைகள் வண்டி இழுக்கின்றன. ஜனங்கள் அதற்கும் பழகிக்கொண்டு, தொப்பி போட்டு, குடை பிடித்து, கடைக்குப் போய் வருகிறார்கள். மழையே இல்லாத ஊரில் குடை எதற்கு என்று கேட்டேன். பழக்கமாம்.

இந்த நகரத்தை, சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு பெரிய குழிக்குள் கட்டியிருந்தார்கள். குழியின் மேலே இரும்புக் குழாய் நட்டு, கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி வெயிலை அடைத்துவிட்டார்கள். கதையில் ஊருக்கு ஏதோ பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. நாங்கள் வைத்த பெயர் குழி லண்டன்.

நான் போனது நடிக்கும் ஆசையில் அல்ல. என் மகள் கயல்விழி தையல் டிப்ளமா முடித்தவள். அங்கே துணிமணிப் பிரிவில் உதவிக்குச் சேர்ந்திருந்தாள். அந்தப் பிரிவுக்குத் தலைவி ரோஷினி மேடம், சென்னைக்காரர். அவர் கயலிடம், "கடைசி ஷாட் முடியட்டும். உன் வேலையப் பார்த்துட்டு சொல்றேன். சரியா இருந்தா என்கூட சென்னைக்கு வா, ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் வெங்காய லாரி ஓட்டுகிறவர். போனில் கேட்டேன். "ஒன் இஷ்டம்தான் அஞ்சல. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்று என் தலையில் போட்டுவிட்டுத் திருச்சி பக்கம் போய்விட்டார். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலாந்து ராணி வருகிற பாடம் புத்தகத்தின் கடைசியில் இருந்தது. அது வருவதற்குள் நான் நின்றுவிட்டேன். இருபது வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பதற்கு எந்தப் புத்தகத்தில் பாடம் இருக்கிறதோ தெரியவில்லை. முதலில் அவள் வேலை செய்கிற இடம் எப்படி என்று பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். கூட்டத்தில் நிற்கப் பெண்கள் தேவை என்றார்கள். பெயர் கொடுத்துவிட்டேன்.

இங்கிலாந்துக் கதையில் அஞ்சலைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்தக் காலத்தில் கப்பலில் ஆயா வேலைக்கும் சமையலுக்கும் போன நம் பக்கத்து ஜனங்களும் அங்கே இருந்தார்களாம். ஊர் இறங்கியபோது அவர்களும் சேர்ந்து இறங்கிவிட்டார்களாம். பாவம்.

முதல் நாள் போகும்போதே ஒரு இழுபறி. அரியலூருக்குப் பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் சிமெண்டுக்குக் கல் ஏற்றும் லாரிகள் வரிசையாக நின்றன. சாலை, செடி, சாலையோரத்து அம்மன் கோயில் எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளைத் தூசி. எங்கள் பக்கம் இப்படி இல்லை. கறுப்பு மண், மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ஒரு மணி நேரப் பயணத்தில் மண் கறுப்பிலிருந்து வெள்ளையாகிவிடுகிறது. தாமதமாகப் போனால் திட்டுவார்களே என்று நான் எழுந்து எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தேன். போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இன்னும் பல்கூட விளக்கியிருக்கவில்லை.

குழிக்குள் வேன் இறங்கும் பாதை மலைப்பாதை மாதிரி சுற்றிச் சுற்றிப் போனது. ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் தட்டி, "யக்கா, கண்ண மூடுனா மட்டும் வேன் பறக்குமா? தெறந்து பாரு, நல்லாருக்கு" என்றாள். அப்படித்தான் மல்லிகா பழக்கமானாள். கல்குழிகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு கிராமத்துக்காரி. வேனில் பாதிப் பேர் அவள் ஊர்ப் பெண்கள். மீதிப் பேர் பெரம்பலூர்ப் பக்கம்.

கண்ணைத் திறந்தேன். அடியில் நகரம் இருந்தது. மணிக்கூண்டு, புகைபோக்கி வைத்த செங்கல் வீடுகள், கல் பாவிய தெரு, மஞ்சள் விளக்குகள். குழியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரை ஆறாக்கி, அதன் மேல் ஒரு பாலம் போட்டிருந்தார்கள். மேலே கறுப்பு வானத்திலிருந்து வேர்கள் தொங்கின. வெளியில் வெயில் கொளுத்துகிறது என்பதை நம்பவே முடியவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வந்த முதல் நினைப்பு, இந்தத் துணியில் தீ பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான்.

உடை மாற்ற ஒரு கொட்டகை. கயல் அங்கே ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரியாதவளைப் போல, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

"ஏண்டி, சாப்ட்டியா?"

"அம்மா, இங்க நான் ஒன் மவ இல்ல. கையத் தூக்கு."

இடுப்பில் கயிறு, அதற்குக் கீழே வளையம் வைத்த உள்பாவாடை, அதன் மேல் தரையைத் தொடுகிற கறுப்புப் பாவாடை, மேலே கழுத்துவரை பொத்தான், தலையில் நாடா கட்டிய தொப்பி. வளையம் என்ன என்று தடவிப் பார்த்தேன். வீட்டில் கரண்டு வயர் போகிற பிளாஸ்டிக் குழாய். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முன்பக்கம் பாவாடை எழும்பி முகத்துக்கு வந்துவிடும். மல்லிகா உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வெள்ளக்காரி எப்புடித்தான் புள்ள பெத்தாளோ" என்றாள். கொட்டகையே சிரித்தது.

சாப்பாடு குறை சொல்ல முடியாது. காலையில் பொங்கல், வடை. மதியம் சாம்பார், பொரியல், மோர். தொப்பியும் கையுறையுமாக வரிசையில் நின்று வாழையிலை வாங்கிக்கொள்வோம். கையுறையில் சாம்பார் பட்டால் கயல் கொன்றுவிடுவாள் என்பதால் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடவேண்டும். சீமைப் பலகாரம் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ரொட்டி, கேக், கறி வைத்த பணியாரம் போல ஒன்று. மல்லிகா யாரும் பார்க்காதபோது ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டாள். மரத்தூளும் வார்னிஷும். பல் பட்ட தடம் அப்படியே நின்றது. அந்தக் கடையைப் படம் எடுக்கும்போதெல்லாம் அந்த ரொட்டியைத் திருப்பி வைப்பது எங்கள் வேலையாகிவிட்டது.

இரண்டாம் நாள் எனக்கு நத்தை வண்டியில் சவாரி கிடைத்தது. வண்டிக்கு முன்னால் பெரிய சுருள் ஓடு. நத்தையின் வயிற்றுக்குள் பழைய டிராக்டர் இன்ஜின். அதற்குள் முடங்கி உட்கார்ந்து ஓட்டுவது தா.பழூர் ஆள் ஒருவர். நான் உள்ளே சீமாட்டி மாதிரி உட்கார்ந்து சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கவேண்டும். பாலத்தில் ஏறும் இடத்தில் சுண்ணாம்புச் சேறு. சக்கரம் புதைந்துவிட்டது. நத்தையின் கழுத்துப் பக்கம் ஒரு மூடி திறந்து, வேர்த்து வழியும் தலை ஒன்று வெளியே வந்தது. "யக்கா, கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க. நத்தைக்கு கிளட்ச் போயிடுச்சு."

ஆறு பேர் தொப்பியோடு தள்ளினோம். என் வாழ்க்கையில் மினி பஸ் தள்ளியிருக்கிறேன், ஆட்டோ தள்ளியிருக்கிறேன். நத்தை தள்ளியது இதுதான் முதல்முறை.

மல்லிகா குழிச் சுவரில் ஒரு இடத்தைக் காட்டினாள். கல்லுக்குள் நிஜமாகவே ஒரு நத்தைச் சுருள், தட்டு அகலத்துக்கு. எந்தக் காலத்திலோ இங்கே கடல் இருந்ததாம். அந்தக் கல்லைப் பார்த்துத்தான் படக்காரர்களுக்கு நத்தை வண்டி யோசனை வந்ததாம். "எங்கூர்ல இது வூட்டுக்கு வூடு கெடக்கும்க்கா. நாங்க ஊறுகா ஜாடி மேல வெயிட்டுக்கு வப்போம்" என்றாள்.

அந்தப் பாறைக்குக் கீழே நின்றபோது எனக்குப் பயம் வந்து, இது இடிந்து விழாதா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "இது செத்த குழிக்கா. வேட்டு வக்கிறதெல்லாம் வேற குழியில. வேட்டுக்கு முன்னாடி சங்கு ஊதுவான். சங்கு ஊதுனா களத்துல நிக்கிறவ, சட்டி கழுவுறவ எல்லாரும் போயி வாசல்ல நெலைக்குக் கீழ நின்னுக்குவோம். கல்லு கில்லு தெறிச்சா தலையில படாது பாரு. வேட்டு முடிஞ்சதும் வேலையப் பாக்கப் போயிருவோம். எங்க புள்ளைங்க நடக்கப் பழகுறப்பவே அதான் பழகும்."

எனக்கு அது பிடித்திருந்தது. பயத்துக்கு ஒரு நேரம், நிற்க ஒரு இடம், பிறகு வேலை. என் பயத்துக்கு நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. அது என் கூடவே பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வருகிறது.

ஐந்து மணி வேன் விஷயத்தைச் சொல்லவேண்டும். அந்த வேனை விட்டால் அரியலூரில் எங்களுக்கு பஸ் சிக்கல். அதனால் மூன்று மணியிலிருந்தே நான் ஒவ்வொருவரிடமும் "வேன் வந்துருச்சா, டிரைவர் சாப்ட்டாரா, டயர்ல காத்து இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். முதலில் கேலி செய்தார்கள். பிறகு என்னை நம்பியே இருக்க ஆரம்பித்தார்கள். "வேன்கார அக்கா எந்திரிச்சா நாமளும் எந்திரிக்கலாம்" என்று நிம்மதியாகத் தூங்கினார்கள். கவலைப்படுகிறவளுக்குக் கிடைக்கிற பதவி இதுதான்.

வெள்ளைக்காரர்கள் மொத்தம் நாலைந்து பேர்தான். அதில் வயதான ஒரு அம்மா, விடுதி நடத்துகிறவளாக நடித்தார். ஏதோ குளிர் நாட்டுக்காரர். மூன்றாம் நாள் மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். மோர் மிளகாயை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். உங்கள் ஊர் இப்படித்தான் இருக்குமா என்று கயலை விட்டுக் கேட்டேன். கயல் மொழிபெயர்த்தாள். "இல்லையாம், அம்மா. அவங்க ஊர் ரொம்பச் சுத்தமா, சத்தமே இல்லாம இருக்குமாம். இந்த ஊரத்தான் அவங்களுக்குப் புடிச்சிருக்காம்."

பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். கயல் தயங்கினாள்.

"என்னாடி கேக்குறாங்க?"

"இந்தப் பொண்ணுக்கு நீங்க அம்மாவான்னு கேக்குறாங்க. இந்தப் பொண்ணு உடுப்பு மாட்டிவிட்டா மட்டும்தான் ஊசி குத்தலன்னு சொல்றாங்க."

கயல் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். நான் இன்னொரு மோர் மிளகாயை எடுத்து அந்த அம்மா தட்டில் வைத்தேன்.

பெரிய காட்சி நாலாம் நாள். கதைப்படி நகரத்தின் மேலே இருக்கிற பாறை அசைகிறது. மணிக்கூண்டில் அபாயச் சங்கு ஊதும். தெருவில் இருக்கிற எல்லோரும் அப்படியே நின்று மேலே பார்க்கவேண்டும். பிறகு மெதுவாக ஆற்றை நோக்கி நடக்கவேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. மைக் பிடித்த உதவி டைரக்டர் தம்பி, "சத்தம் கேட்டதும் நில்லுங்க, மேல பாருங்க" என்று சொன்னான். என்ன சத்தம் என்று சொல்லவில்லை.

கேமரா ஓடியது. மணிக்கூண்டிலிருந்து சங்கு ஊதியது. கல்குழியில் வேட்டுக்கு முன்னால் ஊதுகிற நிஜச் சங்குதான். எங்கேயோ பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

மல்லிகா ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் மேலே பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலாக வாசல்களுக்குப் போனார்கள். ஒவ்வொரு நிலைக்குக் கீழும் ஐந்தாறு பேர். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, காரணம் புரியாமலே எங்கள் பக்கத்துப் பெண்களும் ஓடினார்கள். நான் கொட்டகைப் பக்கம், கயல் இருந்த திசையில் ஓடினேன்.

அந்த வீடுகளுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பலகை அடித்துச் செங்கல் மாதிரி பெயிண்ட் பூசி, பின்னால் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வளையம் வைத்த பாவாடையோடு ஐந்தாறு பேர் ஒரு வாசலில் நெருக்கினால் என்ன ஆகும்? முதலில் கதவு கழன்றது. பிறகு முதல் வீடு அவசரமே இல்லாமல் பின்பக்கமாகச் சாய்ந்தது. அது அடுத்த வீட்டை இழுத்தது. அது அடுத்ததை. அந்தப் பக்கத்துத் தெரு முழுவதும், அலுப்பில் பாயில் சாய்கிற ஆள் மாதிரி படுத்துவிட்டது. பின்னால் சுண்ணாம்புச் சேறு. பெண்கள் ஒருவர் மேல் ஒருவராக அதில் விழுந்தார்கள்.

சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

"யாருங்க ஒங்கள உள்ள போவச் சொன்னது?" என்று தம்பி மைக்கில் கத்தினான். சேற்றுக்குள்ளிருந்து மல்லிகாவின் குரல் வந்தது: "சங்கு ஊதுனா வேற எங்க தம்பி போவாங்க? நீ மொதல்ல நெலைக்குக் கீழ வா!"

யாருக்கும் பெரிய அடி இல்லை. மல்லிகாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு, ஒருத்திக்கு வளையல் உடைந்து கீறல். பலகை லேசானது என்பதால் தப்பித்தோம். ஆனால் பாவாடைகள் எல்லாம் போச்சு. அடிப்பக்கம் ஆணியில் மாட்டிக் கிழிந்து, கறுப்பெல்லாம் வெள்ளைச் சேறு. டைரக்டர் அதிகம் பேசாத மனுஷன். சாயங்காலத்துக்குள் வீடுகளை நிமிர்த்திவிடலாம் என்று ஆசாரிகள் சொன்னதும், ரோஷினி மேடத்தைப் பார்த்து, "டிரெஸ்?" என்று மட்டும் கேட்டார். நாளைக் காலையோடு கேமரா வாடகை முடிகிறது. மேடத்தின் மற்ற உதவியாளர்கள் முந்தின நாளே சென்னைக்குப் போயிருந்தார்கள். இருந்தது கயலும் ஒரு வயதான டெய்லரும்.

மேடம் கயலைப் பார்த்தார்.

"முடியும் மேடம்" என்றாள் கயல்.



அவள் அழவில்லை. என்னைத் தேடவும் இல்லை. முதலில் ஒவ்வொருத்தியிடமும் அடி பட்டதா என்று கேட்டாள். மல்லிகாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு பாவாடைகளைக் கழற்றி வாங்கி, கிழிசல் பெரியது ஒரு குவியல், சின்னது ஒரு குவியல், சேறு மட்டும் பட்டது ஒரு குவியல் என்று பிரித்தாள். டெய்லரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். என்னை விட மூத்த மனுஷர், "சரிம்மா" என்று சொல்லி மிஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டில் இவள் சொல்லி ஒரு டம்ளர் இடம் மாறியதில்லை.

ஒருத்தி ஈரத்துணி கொண்டுவந்து சேற்றைத் துடைக்கப் போனாள். மல்லிகா நாற்காலியிலிருந்தே கத்தினாள்: "ஈரத்துல தொடாதடி, அப்பிக்கும்! காயட்டும், ஒதறுனா உதுந்துரும்." மண்ணுக்கடியில் வெயிலுக்கு எங்கே போவது? கயல் மேலே கையைக் காட்டினாள். எல்லோரும் எங்கள் சொந்தப் புடவைகளைக் கட்டிக்கொண்டு, பாவாடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றுப்பாதையில் ஏறினோம். குழிக்கு மேலே கருவேலங்காடு. ஒவ்வொரு முள்ளுச் செடி மேலும் ஒரு பாவாடை விரித்தோம். அரியலூர் வெயிலைக் கேட்கவேண்டுமா? சாலையில் போன லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னாம்மா, சீமைல சலவைத் தொழிலாளி ஸ்டிரைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காய்ந்ததை உதறினோம். வெள்ளைத் தூசி பறந்து எங்கள் தலையெல்லாம் நரைத்தது. துணி கறுத்தது. பிறகு கொட்டகையில் உட்கார்ந்து கிழிசல் தைக்க ஆரம்பித்தோம். பெரிய கிழிசல் மிஷினுக்கு, சின்னது கைத்தையலுக்கு. பாதிகூட முடியவில்லை, மணி ஐந்தாகப் போகிறது. வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

எல்லோரும் கையில் ஊசியோடு என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தால் அவர்களும் எழுந்திருப்பார்கள்.

"என்னாக்கா, போலாமா?" என்றாள் மல்லிகா.

எனக்கு வந்த நினைப்பை மறைக்கப்போவதில்லை. நான் வழக்கம்போல எழுந்து வேனுக்குப் போனால் போதும். பாவாடை முடியாது. காட்சி நடக்காது. மேடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். கயல் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் வேண்டாம் என்று சொன்னதாகவும் இருக்காது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடக்கிற கல் தானாக உருண்டு போய்விடும். இவ்வளவு சுலபமாக ஒரு வழி எனக்கு எப்போதுமே வாய்த்ததில்லை.

கயல் தலை தூக்கவில்லை. ஒரு பாவாடையின் ஓரத்தை விரலால் மடித்து, நகத்தால் அழுத்தி, ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். போகாதீர்கள் என்று அவள் கேட்கவில்லை. போனாலும் அவள் தைத்துக்கொண்டேதான் இருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. முடியாது என்று தெரிந்தும் தைப்பாள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

"வேன் போவட்டும்" என்றேன்.

"அப்ப எப்புடிக்கா வூட்டுக்குப் போறது?"

"தெரியல" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் அப்படி வந்ததே இல்லை. "வெங்காயம் ஆயிற மாதிரி உக்காருங்கடி. இப்புடித் தனித்தனியா உக்காந்தா விடிஞ்சிரும்."

எங்கள் பெரம்பலூர்ப் பெண்களுக்கு அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. வெங்காயக் கொட்டகையில் மூட்டையை நடுவில் கொட்டிச் சுற்றி உட்காருவோம். இது என் பங்கு, அது உன் பங்கு என்று பிரிப்பதில்லை. கைக்கு வந்ததை எடுத்துத் தலையும் வாலும் கிள்ளிப் பின்னால் தள்ளுவது; வாய் பாட்டுக்குக் கதை பேசும். தெருவில் இடம் இருந்ததால் எல்லோரையும் குழி லண்டன் கடைவீதிக்கே கூட்டிக்கொண்டு போனேன். பாவாடைக் குவியல் நடுவில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே, சுற்றி நாங்கள். ஒருத்தி நூல் கோத்துத் தந்தாள், ஒருத்தி மடித்துக் கொடுத்தாள், மற்றவர்கள் தைத்தோம். விடுதிக்கார வெள்ளைக்காரம்மாவும் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தையல் வரவில்லை. நூல் கோக்க வந்தது. இரண்டு பக்கமும் ஆசாரிகள் வீடுகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். மல்லிகா தன் மாமியாரைப் பற்றிச் சொன்ன கதையை இங்கே எழுத முடியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் குவியல் தீர்ந்துபோனது. கயல் ஒவ்வொரு ஓரமாக இழுத்துப் பார்த்தாள். என்னுடையதைப் பிரித்துவிட்டாள். "கோணலா இருக்கும்மா" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போக, சமையல்காரர்களின் டெம்போ கிடைத்தது. இட்லிக் குண்டான்களுக்கு நடுவில், ஒரு கையில் கரண்டிக் கட்டைப் பிடித்துக்கொண்டு, அரியலூர்வரை கடகடவென்று போனோம். ஒரு திருப்பத்தில் சாம்பார் அண்டா உருண்டு மல்லிகாவின் மடியில் வந்து உட்கார்ந்தது. காலி அண்டாதான்.

மறுநாள் காலையில் சங்கு ஊதியது. நின்றோம். என் பக்கத்தில் மல்லிகாவின் கால் துடித்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கையை அடுத்தவள் பிடித்தாள். மேலே பார்த்தோம். கறுப்புத் துணியில் எங்கேயோ ஓர் ஓட்டை. அதன் வழியாக நூல் மாதிரி வெயில் இறங்கியது. பிறகு ஆற்றை நோக்கி நடந்தோம். ஒரு பாவாடையும் பிரியவில்லை. டைரக்டர் எழுந்து நின்று கும்பிட்டார்.

கொட்டகையில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது ரோஷினி மேடம் வந்தார். கயல் பக்கத்தில் நின்றாள். தொப்பி நாடா ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க பொண்ணு எனக்கு வேணும். ஞாயித்துக்கிழமை சென்னைக்குக் கிளம்பணும். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

"தங்குறது எங்கங்க? ரூமுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கா? கூட யாரு இருப்பா, அந்தப் பொண்ணு எந்த ஊரு? வேலை முடிய லேட்டானா கொண்டாந்து விட ஆளு யாரு, அவரு நம்பர் குடுப்பீங்களா? இவளுக்குக் காலைல சாப்புடலைன்னா தலைவலி வரும், பக்கத்துல இட்லிக் கடை இருக்கா?"

மேடம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லப் பார்த்தார். நான் இடம் கொடுக்கவில்லை. அவர் கயலைத் திரும்பிப் பார்த்து, "அம்மாவுக்கு இஷ்டம் இல்ல போல" என்றார்.

கயல் சிரித்துவிட்டாள். "இல்ல மேடம், சரின்னுட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"எங்கம்மாவுக்கு வேணாம்னா வாயே தெறக்க மாட்டாங்க. இப்புடிக் கேக்குறாங்கன்னா, மனசுக்குள்ள என்னைய கொண்டுபோயி அந்த ரூம்ல விட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

நான் மேடத்தின் பக்கம் ஒரு நாற்காலியை நகர்த்தினேன்.

"உக்காருங்க மேடம். அந்த ரூம்ல தண்ணி எப்புடிங்க, நல்ல தண்ணியா, உப்பா?"